ஃப்ரீஸ் கெட்டவரோ என்று கேட்கும் மகனுக்கு

அண்ணை, பேட்மேன் கார்ட்டூனில் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸின் கதையைப் பார்த்துவிட்டு உங்கள் ஏழு வயது மகன் அழுகிறான், ‘அவர் கெட்டவரோ’ என்று விடாமல் கேட்கிறான், இனியும் காட்டலாமா என்றீர்கள். தாராளமாகக் காட்டுங்கோ. 1992இல் வந்த அந்த அத்தியாயத்தை எழுதிய பால் டினிக்கு எம்மி விருதே கிடைத்தது. அதற்கு முன்னம் காமிக்ஸில் ஃப்ரீஸ் வெறும் ஐஸ் துவக்குக்காரன், நோயாளி மனைவி நோராவை உறையவைத்துக் காப்பாற்றப் பார்த்த கதை இதில்தான் வந்தது. கொக்குவிலில் எங்கள் வீட்டிலும் இதே கூத்துத்தான். திரும்பப் போட்டு, ஃப்ரீஸின் அடியாள் கால் உறைந்துபோய்க் கிடக்கிற இடத்தில் நிறுத்தி, ‘தன்ர ஆளையே விட்டிட்டுப் போறாரே, சரியோ?’ என்று மகளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். ‘பாவம்தான் அப்பா, எண்டாலும் பிழை’ என்றாள், அப்புறம் ஐஸ்கிரீம் கேட்டாள்.