சின்ன மின்சாரக் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சின்ன மின்சாரக் கார் பற்றியவை. மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வாஷிங் மெஷினுக்குப் போட்ட 15 ஆம்பியர் பாயிண்ட் வீட்டில் இருக்கிறது. அதிலேயே காருக்குச் சார்ஜ் போடலாமா, தனியாகச் சார்ஜர் வாங்கணுமா? – ஈரோடு வாசகர்

சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரிலிருந்து வரும் ஏ.சி. கரன்ட்டை டி.சி.யாக மாற்றி பேட்டரிக்குள் அனுப்புவது அதன் வேலை. சுவரில் மாட்டும் பெட்டி கரன்ட்டைக் கொடுக்கும், தப்பு நடந்தால் நிறுத்தும், அவ்வளவுதான். 15 ஆம்பியர் பாயிண்ட்டில் சுமார் 3 கிலோவாட் கிடைக்கும். எம்.ஜி. காமெட் என்ற சின்ன மின்சாரக் காரின் பேட்டரி 17.3 யூனிட் (கிலோவாட் மணி என்று போட்டிருப்பார்கள், ஈ.பி. கணக்கில் அதுதான் ஒரு யூனிட்), காலியாக இருந்து நிறைய ஏழு மணி நேரம் என்கிறது நிறுவனம். தினம் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு இரண்டு மணி நேரம் போட்டாலே போதும், மிச்ச ராத்திரி முழுக்க வண்டி சும்மாதான் நிற்கும்.

ஆனால் அந்த வாஷிங் மெஷின் பாயிண்ட் வேண்டாம். மெஷின் முழு லோடு இழுப்பது தண்ணீரைச் சூடாக்கும் கொஞ்ச நேரம் மட்டும். கார் மணிக்கணக்காக 14 ஆம்பியர் போல இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தால் போதும், அந்த இடம் சூடாகி ப்ளக் உருகிவிடும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், அதற்கென்று அளவுக்கு மேல் கரன்ட் போனால் ட்ரிப் ஆகும் ஓர் எம்.சி.பி., கசிவு வந்தால் ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

எர்த் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். காரோடு வரும் கேபிளில் உள்ள பெட்டி எர்த் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் சார்ஜ் ஏற்றாது. அப்போது சில எலக்ட்ரீஷியன்கள் ப்ளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, "சரியாப் போச்சு சார்" என்று காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பச்சை லைட் எரியும், உண்மைதான். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் பாடி முழுக்க கரன்ட் ஏறி நிற்கும், மழையில் நனைந்துகொண்டு கதவைத் திறக்க வருபவர் கதி என்ன? எர்த் குழி தோண்டும் செலவை அந்தத் துண்டு ஒயரால் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஈ.பி. பில் எவ்வளவு ஏறும்? – மதுரை வாசகி

சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சின்னக் காருக்கு ஒரு யூனிட்டுக்கு 8 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1000 கி.மீ. ஓடினால் 125 யூனிட், நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 250. இப்போது உங்கள் வீட்டு பில் 300 யூனிட்டில் நிற்கிறது என்றால் கார் வந்ததும் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். அப்போதும் பெட்ரோலை விட மலிவுதான், ஷோரூமில் சொல்லும் அளவுக்கு மலிவில்லை.

ஏன் இதையெல்லாம் பொம்மைக் கார் மாதிரியே செய்கிறார்கள்? பெரிதாகச் செய்தால் என்ன? – திருச்சி வாசகர்

பேட்டரிதான் காரணம், விலையிலும் எடையிலும். காரைப் பெரிதாக்கினால் அதை இழுக்கப் பெரிய பேட்டரி, அந்த எடையைத் தாங்க கனமான சஸ்பென்ஷன், பெரிய பிரேக், அதனால் இன்னும் எடை, மறுபடி இன்னும் பெரிய பேட்டரி. இந்தச் சுழலைச் சின்ன உருவத்திலேயே வெட்டினால்தான் விலை கட்டுப்படும்.

பெங்களூருவில் 2001-இல் வந்த ரேவா என்ற மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். சேத்தன் மைனி செய்தது. எட்டு ஈய-அமில பேட்டரி, 48 வோல்ட், மொத்தம் 9.6 யூனிட், ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ. என்றார்கள். ஈய பேட்டரி ஒரு கிலோவுக்கு 35 வாட் மணி (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்) அளவுக்குத்தான் தாங்கும், ஆக அந்த 9.6 யூனிட்டுக்கே 270 கிலோ போல ஈயத்தைச் சுமக்க வேண்டும். முக்கால் டன் கூட எட்டாத வண்டிக்கு அது எவ்வளவு பெரிய சுமை பாருங்கள். அதனால்தான் பாடிக்கு பிளாஸ்டிக் தகடு, பின்னால் குழந்தைகள் மட்டும் உட்காரும் சீட் என்று பிடித்துப் பிடித்துச் செய்தார்கள். அதே ரேவா லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது, நகருக்குள் நுழையும் கட்டணம் கிடையாது என்பதால் ஆள்கள் விரும்பி வாங்கினார்கள். ஐரோப்பாவில் அதைக் காராகப் பதியாமல் குவாட்ரிசைக்கிள் (காரை விட லேசான நாலு சக்கர வண்டி) என்று பதிந்ததால் கார்களுக்கு உரிய மோதல் சோதனை கட்டாயமில்லாமல் போனது, அதற்காகப் பின்னால் நிறையத் திட்டும் வாங்கியது. இருந்தாலும், 2001-இல் கையில் இருந்த பேட்டரியை வைத்துக்கொண்டு அதைச் செய்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

இன்று எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லில் கிலோவுக்கு 150 வாட் மணி வரை கிடைக்கிறது. அதே 9.6 யூனிட்டுக்குச் செல் எடை 65 கிலோதான். காமெட் மூன்று மீட்டர் நீளம்கூட இல்லை, ஆனாலும் நாலு பேர் உட்காரலாம்: சக்கரங்களை நாலு மூலைக்குத் தள்ளி, மோட்டாரைப் பின்னால் வைத்து, பேட்டரியைத் தரைக்கு அடியில் பரப்பிவிட்டார்கள், பானெட் என்று பேருக்குத்தான் இருக்கிறது. டாடாவின் டியாகோ மாதிரி, பெட்ரோல் காரையே மின்சாரக் காராக மாற்றியதில் அந்த வசதி இல்லை. டேங்க் இருந்த இடம், ஸ்டெப்னி இருந்த இடம் என்று கிடைத்த இடத்தில் பேட்டரியை நுழைக்க வேண்டும். பதிலுக்கு உங்களுக்குப் பழகிய காரின் உருவமும் தாராளமான சீட்டும் கிடைக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் சிட்ரோயன் ஆலை இருக்கிறது. மின்சாரக் கார் கட்டுவதில் என்ன வித்தியாசம்? – திருவள்ளூர் வாசகர்

தகடு அடிப்பது, வெல்டிங், பெயின்ட் வரைக்கும் ஒரே வேலைதான். உங்கள் ஆலையில் செய்யும் இ-சி3, பெட்ரோல் சி3-யின் உடம்புதான், 29.2 யூனிட் பேட்டரி. எஞ்சின், சைலன்சர், டேங்க் மாட்டும் வேலை போய், பேட்டரி பெட்டியைக் கீழிருந்து தூக்கி போல்ட் போடும் வேலை வருகிறது. பெட்டிக்குள் காற்றழுத்தம் ஏற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் சூட்டையும் கவனிக்க உள்ளே ஓர் எலக்ட்ரானிக் போர்டு இருக்கும். ஆரஞ்சு நிற ஒயர் எதைப் பார்த்தாலும் உயர் வோல்ட், தெரு மெக்கானிக் கை வைக்கக் கூடாது. 2024-இல் இந்தக் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து இந்தோனேசியாவுக்குக் கப்பலேறின, அது பெருமைதான். அதே ஆண்டு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு இதே காருக்குக் கிடைத்தது பூஜ்யம் ஸ்டார். வாங்குபவர் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பது சதவீதத்தோடு நிறுத்தணுமா? – கோவை வாசகர்

செல் வகையைப் பாருங்கள். எல்.எஃப்.பி. என்றால் வாரம் ஒருமுறையாவது 100 வரை போடுங்கள். அதன் வோல்ட் நடுவில் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்பதால், முழுசாக நிறையும்போதுதான் மிச்சம் எவ்வளவு என்ற கணக்கைக் கார் சரிசெய்துகொள்ளும். பேட்டரிக்கு நம் ஊர் வெயில்தான் அதிகக் கெடுதல், நிழலில் நிறுத்துங்கள்.

வேளச்சேரியில் தண்ணீர் தேங்கினால் ஷாக் அடிக்குமா? – சென்னை வாசகி

ஐ.பி.67 என்று போட்டிருந்தால் பேட்டரி பெட்டி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். நீர் புகுந்தாலோ எங்காவது கரன்ட் கசிந்தாலோ பெரும்பாலும் கார் தானே உயர் வோல்ட்டைத் துண்டித்துவிடும். அதை நம்பி வெள்ளத்துக்குள் ஓட்டச் சொல்லவில்லை. மூழ்கிய காரைத் தண்ணீர் வடிந்ததும் சார்ஜில் போடாதீர்கள், சர்வீஸுக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பேட்டரி 70 சதவீதம் இருந்தது, காலையில் வண்டி உயிரே இல்லை. எப்படி? – சேலம் வாசகர்

12 வோல்ட் பேட்டரி செத்திருக்கும். மின்சாரக் காரிலும் அது உண்டு. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ஸ்விட்சை அதுதான் இயக்குகிறது.

காமெட்டில் சென்னையிலிருந்து திருநெல்வேலி போக முடியுமா? – நெல்லை வாசகர்

தாராளமாக. 600 கி.மீ.க்கு மேல், ஒரு சார்ஜுக்கு நிஜத்தில் 170 கி.மீ. போல, அதில் டி.சி. ஃபாஸ்ட் சார்ஜ் (வெளியிலேயே டி.சி.யாக மாற்றி பேட்டரிக்கு வேகமாக ஏற்றுவது) கிடையாது, ஆக வழியில் மூன்று தடவை ஏழேழு மணி நேரம். 7.4 கிலோவாட் சார்ஜர் உள்ள வகை என்றால் மூன்றரை மணி நேரமாகக் குறையும். தீபாவளிக்குப் போகணும் என்றால் டி.சி. சார்ஜ் ஏறும் டியாகோ பாருங்கள், அல்லது நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுங்கள்.