புலிக்கு வழி விடுங்கள், படம் தானாக வரும்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு மகாராஷ்டிராவில் உள்ள தடோபா புலிகள் காப்பகத்துக்குப் போகிறோம். காட்டுக்குள் திறந்த ஜிப்சி ஜீப்பில் போக வேண்டும் என்கிறார்கள். புலி பக்கத்தில் வந்தால் ஆபத்தில்லையா? படம் எடுக்க என்னிடம் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது. போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: லென்ஸ் தாராளமாகப் போதும். மே மாத வெயில் அங்கே 45 டிகிரியைத் தொடும், புலிகள் தண்ணீரைத் தேடி வரும். தெலியா ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள். புலி தண்ணீரில் இறங்கும் அழகே தனி. கரைக்கு வந்ததும் திரும்பி நின்று, பின்னங்கால்களை முதலில் நனைத்து, மெல்லப் பின்னோக்கி இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துவிடும். முகம் கரையைப் பார்த்தே இருக்கும்.

ஆபத்து? ஜிப்சிகளைப் பார்த்தே வளர்ந்த புலிகள் அவை. சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள். லென்ஸ் மூடி கீழே விழுந்தால் விழட்டும், இறங்கவே கூடாது. காதைப் பின்னால் மடக்கி, வாலை வீசி உறுமினால் உடனே வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். குட்டிகளோடு தாய்ப்புலி என்றால் உறுமும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

"இன்னும் கிட்டப் போங்க, தனியா கவனிக்கிறோம்" என்று மட்டும் தயவுசெய்து ஓட்டுநரிடம் சொல்லாதீர்கள். 20 மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பாதையைக் கடக்க வரும் புலியை வண்டிகள் வரிசை கட்டி மறிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது. பாவம், அது எங்கே போகும்? வழி விட்டு நின்றால், மரத்தை மோந்து பார்த்து, அடிமரத்தில் சிறுநீர் பீய்ச்சிவிட்டு, பாதையிலேயே உங்களை நோக்கி நடந்து வரவும் கூடும். மறித்து எடுத்த படத்தில் மிரண்ட முகம்தான் இருக்கும்.

விடியற்காலையில் வெளிச்சம் குறைவு. கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றத் தயங்காதீர்கள். நடக்கும் புலிக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி வைத்து, ஃபோகஸைக் கண்ணில் நிறுத்துங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. காலித் துணிப்பை ஒன்று கொண்டுபோய், அங்கே அரிசி வாங்கி நிரப்பி, ஜிப்சிக் கம்பிமேல் வைத்துக்கொண்டால் கேமரா ஆடாது. புழுதி அதிகம், காட்டுக்குள் லென்ஸைக் கழற்றாதீர்கள்.

அப்புறம், செவ்வாய்க்கிழமை பூங்கா விடுமுறை. அதைப் பார்த்து ரயில் டிக்கெட் போடுங்கள். பல்லார்ஷாவிலோ சந்திரபூரிலோ இறங்கலாம்.