சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாதீர்கள்

சகோதரி, திருநங்கையான உங்களை பஸ் ஸ்டாண்டில் பீர் பாட்டிலால் அடித்தார்கள், ஸ்டேஷனில் ‘உங்க ஆளுங்க சண்டைதானே’ என்று சிரித்துவிட்டு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ரசீது, மனு வந்ததற்கு அத்தாட்சி. அவ்வளவுதான், வழக்கு இல்லை.

முதலில் காயம். இன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், ‘அடித்தார்கள், பாட்டிலால்’ என்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ‘கீழே விழுந்துட்டேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் ஏறும் அந்த இரண்டு வரிதான் பின்னால் கோர்ட்டில் பேசும்.

மனுவில் திருநர் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். 2019-இல் அது வந்தபோது தாக்குதலுக்கு வைத்த தண்டனையே அதிகபட்சம் 2 ஆண்டுதான். (உயிருக்கு இவ்வளவுதான் விலை என்று எங்களுக்கு அப்போதே வயிறு எரிந்தது.) பாட்டிலை ஆயுதம் என்று மனுவில் எழுதி, பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 118(1)-ஐக் கேளுங்கள், அது ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கான பிரிவு. அதற்கு மாஜிஸ்திரேட் உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸே வழக்குப் பதியலாம். ‘எங்க எல்லை இல்லை’ என்ற சாக்கும் செல்லாது, எந்த ஸ்டேஷனிலும் வழக்குப் பதியச் சொல்லும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். இருக்கிறது.

அப்போதும் அசையவில்லையா? அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 173(4) சொல்லும் வழி இதுதான், அடுத்த படி மாஜிஸ்திரேட். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-க்குப் போன் போட்டு சட்ட உதவி கேளுங்கள்.

அந்தச் சிரிப்பையும் எழுதுங்கள், யார், எத்தனை மணிக்கு என்று. திருநர்களைப் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு 2022-லேயே காவலர் நடத்தை விதியில் சேர்த்துவிட்டது.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள்.