டியூப் டிஏசியில் டியூபும் கெப்பாசிட்டரும் மாற்றினால் ஒலி உண்மையிலேயே மாறுமா?

மாறும். நானே மாற்றிக் கேட்டிருக்கிறேன். ஆனால் மாறியதற்கு நான் முதலில் நினைத்த காரணம் ஒன்று, பிறகு தெரியவந்த காரணம் வேறு. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லியிருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒரே வகை டிஏசிதான், அதாவது டிஜிட்டல் பாட்டை மின்னலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி. உள்ளே ஏகே4490 சிப், மேலே தலையை நீட்டிக்கொண்டு இரண்டு 6என்11 டியூப் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு வகை), பின்னால் யூஎஸ்பியும் ஆப்டிக்கலும். ரஷ்ய டியூப் வாங்கலாமா, கெப்பாசிட்டர் மாற்றலாமா, வீட்டில் கிடக்கும் பழைய 12ஏயு7 டியூபைப் போடலாமா, இடையில் வரும் 'ஊங்' சத்தத்தை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பெட்டியில் டியூபின் வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். சிடி தரம் என்றால் நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொன்றும் 16 பிட் எண்ணாகப் பாட்டு வருகிறது. அந்த எண்களை மின்னலையாக மாற்றுவது சிப். வருகிற அலையை ஆம்ப்ளிஃபயருக்குப் போதுமான அளவுக்கு, கிட்டத்தட்ட 2 வோல்ட்டுக்கு, ஏற்றி அனுப்புவது மட்டுமே டியூப். ஆகவே எந்த டியூப் போட்டாலும் கடைசிப் படிதான் மாறும். பாட்டில் இல்லாத விவரத்தை அது கொண்டுவந்து சேர்க்காது.

என் வீடு புதுச்சேரி குருசுக்குப்பத்தில். மாடியில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். இங்கே கதவுக் கீல், சைக்கிள் செயின், ஃபேன் ஸ்க்ரூ எதுவும் இரண்டு வருடம் தாங்காது, எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிடும். டிஏசி வாங்கி எட்டு மாதத்தில் இடதுபக்க ஒலி மெலிந்தது. நடுநடுவே கரகரப்பு வேறு. டியூப் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, ரஷ்ய 6என்23பி ஒரு ஜோடி வரவழைத்தேன். கலுகா நகரத்து வோஸ்கோத் ஆலையில் செய்தது, கண்ணாடியில் சின்ன ராக்கெட் முத்திரை இருக்கும். போட்டதும் அசந்துபோனேன். மேடை அகன்றது போல இருந்தது. மிருதங்கம் வலது ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. அன்று இரவு தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஃபோன் போட்டுச் சொன்னேன்.

முதலியார்பேட்டையில் எனக்குத் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகளைப் பெட்டி பெட்டியாகப் பார்த்தவர். அவருக்கு டியூப் என்ற வார்த்தை வராது, வால்வுதான். கெப்பாசிட்டரும் வராது, கண்டென்சர்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "பழைய வால்வத் திரும்பப் போட்டுப் பாத்தியா தம்பி?"

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டேன். இடதுபக்கம் முழுசாகப் பாடியது, கரகரப்பும் இல்லை.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். டியூபைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். ஒன்பது பின்களில் நான்கைந்தில், பேஸுக்குள் (டியூபைச் செருகும் துளைகள் உள்ள சாக்கெட்டுக்குள்) போகும் இடத்தில், கறுப்பாகப் படிந்திருந்தது. ரஷ்ய டியூபை ஏற்றி இறக்கியபோது பேஸின் இதழ்கள் பின்னோடு உரசி அந்தப் படிவில் கொஞ்சம் கழன்றிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு பின்னாகத் துடைத்தார். மூன்றாவது குச்சிவரை கறுப்பு வந்தது. பிறகு தையல் ஊசியை பேஸின் ஒவ்வொரு துளையிலும் ஓரமாகச் செருகி, தளர்ந்துபோன இதழை ஒரு நூல் அளவு உள்பக்கம் நெம்பினார். டியூபைத் திரும்ப ஏற்றும்போது முன்பைவிட இறுக்கமாகப் போனது, கையிலேயே தெரிந்தது. கண்ணாடியை அசைத்து அசைத்து ஏற்றக்கூடாது, நேராக அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் பின்னைச் சுற்றியுள்ள கண்ணாடியில் கீறல் விழும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

கடலூர் துறைமுகம், தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். புது டியூப் வாங்குவதற்கு முன் பழைய டியூபைக் கழற்றி, பின்னையும் பேஸையும் துடைத்து, திரும்பப் போட்டுக் கேளுங்கள். நான் புது டியூபுக்குக் கொடுத்த பாராட்டில் பாதி அந்தப் பஞ்சுக் குச்சிக்குப் போக வேண்டியது. கைபடும் எந்த வேலையும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டியூப் ஆறிய பிறகுதான்.

சரி, மீதிப் பாதி? அதையும் சோதித்தேன். 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைக் கணினியில் ஓடவிட்டு மல்டிமீட்டரில் அளந்தேன். பழைய டியூபில் 1.86 வோல்ட், ரஷ்ய டியூபில் சரியாக 2 வோல்ட். கணக்குப் போட்டால் 0.6 டெசிபல் சொச்சம் அதிகம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காது அடையாளம் காணாது. தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே எதை எதோடு ஒப்பிட்டாலும் முதலில் வோல்ட்டைச் சமப்படுத்திவிடுங்கள். ஏசி வோல்ட்டை இரண்டு தசம இடம்வரை காட்டும் மீட்டர் போதும், 400 ஹெர்ட்ஸுக்கு மேலே போகாமல் இருந்தால் சரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. டியூபை ஆறவைத்து, கழற்றி, மாற்றி, சூடாக்கப் பத்து நிமிடம் ஆகிவிடும். அதற்குள் முன்பு கேட்டது காதில் நிற்காது. அதனால் இரண்டு டியூபின் வெளியீட்டையும் ஒரே பாட்டுக்குக் கணினியில் பதிவு செய்தேன். அளவைச் சமமாக்கி, எது எது என்று தெரியாமல் எனக்குப் போட்டுக்காட்டும்படி வீணை கற்கும் அக்கா மகளிடம் கொடுத்தேன். பத்து முறையில் ஏழு முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் ஏழோ அதற்கு மேலோ சரியாக வர ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எனவே ரஷ்ய டியூப் வேறு மாதிரி ஒலிக்கிறது என்று நான் நம்புகிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

வித்தியாசம் இருந்தால் எங்கிருந்து வரும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. டியூப் எந்த ஸ்வரத்தோடும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். இரட்டை மடங்கு அதிர்வெண் சேர்ந்தால் அது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி, அதாவது ஸட்ஜத்துக்கு மேல் ஸட்ஜம். மும்மடங்கு சேர்ந்தால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். இந்த வகை ஒற்றை டியூப் சுற்றில் அதிகம் வருவது இரட்டை மடங்குதான். ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் சேர்வதை யாருடைய காது வேண்டாம் என்று சொல்லும்? தம்பூராவின் குதிரையில் ஜீவா நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் தந்தி திடீரென்று மலர்கிறதே, அங்கேயும் மேல் ஸ்வரங்கள்தான் கூடுகின்றன. டியூபில் நடப்பது அதைவிட மிக மிகச் சிறிய அளவு. வீணை மீட்டு மங்கும் நேரத்திலும், பாடகர் எம்.டி. ராமநாதனின் கனத்த குரல் கீழே இறங்கி நிற்கும் இடங்களிலும் ரஷ்ய டியூப் எனக்கு நிறைவாகக் கேட்டது. 1956-ல் மறைந்த நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டுப் பதிவுகளில் எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. அந்தப் பதிவுகளின் இரைச்சலுக்கு அடியில் இவ்வளவு நுணுக்கம் கேட்காதது நியாயம்தான்.

இப்போது கெப்பாசிட்டருக்கு வருகிறேன். என் பெட்டியில் உண்மையான மேம்பாடு நடந்தது இங்கேதான்.

டியூபின் பிளேட்டில் (அலை வெளியே வரும் முனையில்) என் மீட்டர் 90 வோல்ட் டிசி காட்டியது. அது ஆம்ப்ளிஃபயருக்குள் போய்விடாமல் தடுத்து, பாட்டை மட்டும் கடத்துவது கப்ளிங் கெப்பாசிட்டர். என் போர்டில் இருந்தது 0.22 மைக்ரோஃபாரட். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடை 100 கிலோ ஓம் என்றால் அது போதும், 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்குச் சரியான அளவு. என்னுடையதோ சின்ன கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர், உள்ளீடு 10 கிலோ ஓம். மின்தடையையும் கெப்பாசிட்டரையும் பெருக்கி, 6.28 ஆலும் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் 72 ஹெர்ட்ஸ் வருகிறது. அதாவது 72 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்துவிடுகிறது, அதற்குக் கீழே இன்னும் சரிவு. ஒரு கட்டை சுருதியில் தம்பூராவின் மந்தர ஸட்ஜத் தந்தி 65 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தியின் அடிநாதத்தில் பாதிக்கு மேல் சக்தி இந்தப் பெட்டிக்குள்ளேயே தங்கிப்போயிருக்கிறது. தவிலின் தொப்பி (கழியால் அடிக்கும் பக்கம்) மரப்பலகையில் தட்டியது போல இத்தனை நாள் கேட்டதும் இதனால்தான். நானோ அதைப் பதிவின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2.2 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலிபுரோபிலீன் இரண்டு வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 700 ரூபாய். கட்டைவிரல் தடிமன், பழையதின் இடத்தில் நிற்காது. போர்டின் மேல் படுக்கவைத்துப் பசையால் ஒட்டினேன், டியூபிலிருந்து தள்ளி, சூடு படாத பக்கமாக. 90 வோல்ட்டுக்கு எதற்கு 400 என்று கேட்கலாம். சுவிட்ச் போட்டதும் டியூப் சூடாகும்வரை அது மின்சாரம் இழுக்காது. அந்த அரை நிமிடம் பவர் சப்ளையின் முழு வோல்ட்டும் கெப்பாசிட்டர் மேல்தான் நிற்கும்.

சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கிப்போடும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் கிளிப் வயரைச் சால்டர் வைத்து, அதன் வழியாக இறக்குங்கள். பக்கத்தில் மீட்டரை வைத்துக்கொண்டு 90, 40, 11, 2 என்று இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது அண்ணனின் பழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

மாற்றிய அன்று மாலை ஒரு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவைப் போட்டேன். தொப்பியில் கழி விழும் சத்தம் முன்பும் கேட்டதுதான். இப்போது அதற்குப் பின்னால் தோல் அதிர்ந்து காற்றைத் தள்ளுவதும் கேட்டது. சமையலறையில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "வாசல்ல மேளம் போகுதா?" என்றார்கள். அக்கா மகளை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். பத்துக்குப் பத்து. இதில் கெப்பாசிட்டரின் பிராண்டுக்குப் பங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை, அளவுதான் காரணம். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு 47 கிலோவோ 100 கிலோவோ என்றால் இதே 700 ரூபாயில் இவ்வளவு மாற்றம் கிடைக்காது. முதலில் அதன் மேனுவலைப் பாருங்கள்.

கெப்பாசிட்டர் பெரிதானதால் ஒரு பக்கவிளைவும் வந்தது. டிஏசியைப் போடும்போது ஸ்பீக்கரில் 'தொம்' என்று இடிக்கும். இப்போது டிஏசியை முதலில் போட்டு, ஒரு நிமிடம் கழித்து ஆம்ப்ளிஃபயரைப் போடுகிறேன். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில்.

அப்புறம் அந்த 'ஊங்' சத்தம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் டியூப் மேல் குற்றமில்லை, யூஎஸ்பி வயர் வழியாக எர்த் சுற்றிக்கொள்கிறது. எனக்கு ஆப்டிக்கல் கேபிளுக்கு மாறியதும் சுத்தமாக நின்றது, ஏனென்றால் அதில் ஒளிதான் போகிறது, எர்த் போக வழியில்லை. பேட்டரியிலும் சத்தம் தொடர்ந்தால், அதுவும் சற்றே தடித்த ரீங்காரமாக இருந்தால், அது 100 ஹெர்ட்ஸாக இருக்கலாம். அப்படியானால் சப்ளை கெப்பாசிட்டர்களைச் சந்தேகப்படுங்கள். டியூபுக்குப் பக்கத்தில் நின்று வேகும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சீக்கிரம் காய்ந்துவிடும்.

கடைசியாக உங்கள் 12ஏயு7. தயவுசெய்து அதைப் போடாதீர்கள். அதற்கும் ஒன்பது பின்தான், பேஸில் அழகாக உட்காரும், அதனால்தான் ஆபத்து. 6என்11-ல் 4, 5 ஆகிய பின்கள் இரண்டும் ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் இழை), அவற்றுக்கிடையே 6.3 வோல்ட். 9 உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு. 12ஏயு7-ல் 4-க்கும் 5-க்கும் இடையே 12.6 வோல்ட் வேண்டும், 9 ஹீட்டரின் நடுப்புள்ளி. உங்கள் போர்டில் 9-ஐ எர்த்தோடு இணைத்திருந்தால் ஹீட்டர் சப்ளையே பாழாகலாம். இணைக்கவில்லை என்றாலும் பாதி சூட்டில் டியூப் அரைகுறையாகப் பாடும். 6என்11-க்கு மாற்றாக 6922, 6டிஜே8, ஈசிசி88, 6என்23பி இவற்றில் எதுவும் உங்கள் பேஸுக்குப் பொருந்தும். ஆனால் வாங்குவதற்கு முன் பஞ்சுக் குச்சியை ஒருமுறை பயன்படுத்திவிட்டு, எவ்வளவு கறுப்பு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.