அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கலாமா?

கேள்வி: எனக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கமுங்க. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸ் வாங்க எழுதும் என்கிளெக்ஸ் தேர்வைப் பாஸ் செய்துவிட்டேன். கிரீன் கார்டு விசாவில் டெக்சாஸ் மருத்துவமனை ஒன்றுக்குப் போகப் போகிறேன். அங்கே வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதும் மேல்நிலை நர்ஸ்) படிக்க ஆசை. "இப்பவே ஆன்லைனில் சேர்ந்துருங்க, பாதியை இங்கிருந்தே முடிச்சுரலாம்" என்று ஒருவர் சொல்கிறார். தோழிகள் எல்லோரும் ஃபேமிலி பிரிவை எடுக்கச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது விண்ணப்பிப்பது? என் தங்கையும் கோவையில் நர்ஸ்தான். அவள் இதை இங்கேயே பகுதி நேரமாகப் படிக்க வழி உண்டா?

பதில்: இங்கிருந்தே பாதியை முடிக்கலாம் என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை நீங்கள் அந்த நாட்டின் எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள், அந்த மாநிலத்தின் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்த்துக்கொள்ளும். கிளினிக்கல் பயிற்சியை நீங்கள் இப்போது வேலை செய்யும் கோவை ஐ.சி.யு.வில் செய்து கணக்குக் காட்டலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அங்கே போனபின் வேலையோடு படிக்க முடியும். பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 12 மணி நேரம் என்ற டூட்டி முறை சாதாரணம். அதையே முழு நேர வேலையாகக் கணக்கிடுகிறார்கள். மீதி நான்கு நாள் உங்கள் கையில் இருக்கும். எம்.எஸ்.என். என்ற இரண்டு வருட நர்சிங் முதுகலைப் படிப்பைப் பகுதி நேரமாக எடுத்தால் மூன்று வருடமோ கொஞ்சம் கூடவோ ஆகும். அதற்கும் மேலே டி.என்.பி. என்ற முனைவர் நிலைப் பட்டம் இருக்கிறது. சில கல்லூரிகள் எம்.எஸ்.என். வழியை மூடிவிட்டு அதை மட்டுமே நடத்துகின்றன. நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கு எம்.எஸ்.என். போதும். வேலையும் குடும்பமும் வைத்திருப்பவர் முதலில் அதை முடிப்பதே நல்லது என்பது என் கருத்து.

பகுதி நேரம் என்ற பேச்சு வகுப்பறைக்குத்தான் பொருந்தும், கிளினிக்கலுக்குப் பொருந்தாது. இதை யோசிக்காமல் சேர்ந்தவர்கள் நடுவழியில் நின்றிருக்கிறார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் கல்விக்கான தேசிய அளவுகோல் 2022இல் மாற்றப்பட்டது. அதுவரை குறைந்தது 500 மணி நேரமாக இருந்த நேரடி நோயாளி பராமரிப்புப் பயிற்சி 750 மணி நேரமானது. வாரம் இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று போனாலும் சுமார் 47 வாரம். கிளினிக்கில் பயிற்சி எடுக்கும் பிரிவுகளில் இது அநேகமாக வேலை நாள் பகலில்தான் நடக்கும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்படியே காலையில் கிளினிக்குக்குப் போய் நிற்க வேண்டிய நாளும் வரும். அந்த ஒரு வருடம் டூட்டியைக் குறைக்க முடியுமா என்று உங்கள் மருத்துவமனையிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். உங்களை அங்கே வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் ஒப்பந்தத்தில் முழு நேர வேலை கட்டாயம் என்று இருந்தால், ஒப்பந்தக் காலம் முடிகிற சமயத்தில் கிளினிக்கல் தொடங்குமாறு கணக்குப் போட்டுச் சேருங்கள்.

அதனால் கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கிளினிக்கலுக்கு யார் இடம் பிடித்துத் தருவார்கள் என்பது. மாணவரைப் பக்கத்தில் வைத்துப் பயிற்சி தருகிற டாக்டரையோ நர்ஸ் பிராக்டிஷனரையோ பிரிசெப்டர் என்பார்கள். சில கல்லூரிகள் அவரைத் தாங்களே ஏற்பாடு செய்யும். ஆன்லைன் கல்லூரிகள் பலவற்றில், "நீங்களே தேடிக்கொள்ளுங்கள், நாங்கள் சரிபார்த்து ஒப்புதல் தருகிறோம்" என்பார்கள். நம் ஊரில் சித்தப்பா மகனுக்குத் தெரிந்த டாக்டர், கூடப் படித்தவளின் மாமா என்று எப்படியாவது ஒரு கதவு திறந்துவிடும். டெக்சாஸில் போய் இறங்கி ஒரு வருடம் ஆனவருக்கு அந்த வசதி கிடையாது. பிரிசெப்டர் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போவது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே நடக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தரும் நிறுவனங்கள்கூட இருக்கின்றன. ஃபீஸ் கொஞ்சம் கூடினாலும் இடத்தைக் கல்லூரியே தரும் என்று எழுத்தில் உறுதி சொல்வதைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். "உதவி செய்வோம்" என்ற வார்த்தையை உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன வருடம் இடம் கிடைக்காமல் எத்தனை பேர் தள்ளிப்போனார்கள் என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

அங்கீகாரத்தைப் பார்ப்பது எளிது. நர்சிங் கல்விக்கு சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., என்.எல்.என். சி.என்.இ.ஏ. என்று மூன்று அமைப்புகள் உள்ளன. இவற்றில் ஒன்றின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள், கல்லூரி விளம்பரத்தில் அல்ல. அது இல்லாவிட்டால் படித்து முடித்தபின் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது. அந்தத் தேர்வு இல்லாமல் டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸுக்கும் வழியில்லை. ஆன்லைன் படிப்பு என்றால் டெக்சாஸ் மாணவர்களைச் சேர்க்க அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா என்றும் பாருங்கள். மூன்று வருடத்தில் ஆட்கள் ஊர் மாறுவார்கள். நடுவில் நியூ ஜெர்சிக்கோ கலிஃபோர்னியாவுக்கோ போகிற எண்ணம் இருந்தால் அந்த மாநிலத்தையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பிரிவு. நம் ஊரில் ஐ.சி.யு.வில் இருந்தவரை வார்டில் போடுவார்கள், வார்டில் இருந்தவரை டயாலிசிஸில் போடுவார்கள். நர்ஸ் என்றால் எல்லாம் பார்ப்பார். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் அப்படி மாற முடியாது. எந்த வகை நோயாளிகளுக்காகப் படித்துச் சான்றிதழ் வாங்குகிறீர்களோ, அந்த வகைக்குள்தான் வேலை. ஃபேமிலி பிரிவு என்பது குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதுக்குமான முதல்நிலைச் சிகிச்சை. சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல், தடுப்பூசி என்று பெரும்பாலும் கிளினிக்கில், பகல் வேலை. வென்டிலேட்டரில் இருக்கும் பெரியவர்களைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு அடல்ட் ஜெரன்டாலஜி அக்யூட் கேர் என்று தனிப் பிரிவு. ஃபேமிலி முடித்துவிட்டு ஐ.சி.யு. வேலை கேட்டால் பல மருத்துவமனைகள் எடுப்பதில்லை. பிறகு ஆசை மாறினால் மறுபடியும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு, மறுபடியும் கிளினிக்கல்.

ஆறு வருடம் ஐ.சி.யு.வில் இருந்த நீங்கள், எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக ஃபேமிலி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐ.சி.யு. வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தைகளுக்காகப் பகல் வேலை வேண்டும் என்று நீங்களே முடிவெடுத்தால் அது வேறு. ஃபேமிலி படித்தவருக்குச் சின்ன ஊரிலும் வேலை கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத ஒரு டாக்டருடன் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவில் அது தேவையில்லை.

எப்போது விண்ணப்பிப்பது? போனவுடன் வேண்டாம், ஒரு வருடம் வேலை பாருங்கள். அதற்குக் காரணங்கள் உண்டு. அங்கே வென்டிலேட்டரைப் பார்த்துக்கொள்ள ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்று தனி ஆள். டாக்டரிடம் பேசும் முறை வேறு, நோயாளி விவரங்களைப் பதிவு செய்யும் சார்ட்டிங் வேறு. இதெல்லாம் கைக்கு வராமல் படிப்பையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் இரண்டும் கெடும். அக்யூட் கேர் பிரிவுக்குப் பல கல்லூரிகள் ஒன்றிரண்டு வருட ஐ.சி.யு. அனுபவம் கேட்கும், அமெரிக்க அனுபவமாகவே வேண்டும் என்று சொல்லும் இடமும் உண்டு. பரிந்துரைக் கடிதம் அங்குள்ள மேலாளரோ உடன் வேலை பார்த்த நர்ஸ் பிராக்டிஷனரோ எழுதினால் எடை கூடும். பணக் கணக்கும் இருக்கிறது: டெக்சாஸில் பொதுவாக 12 மாதம் வசித்தவர்களுக்குத்தான் அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம், வெளியாட்களுக்கு அதைவிட அதிகம். உங்கள் மருத்துவமனை படிப்புச் செலவைத் தருமா என்றும் கேளுங்கள். வருடத்துக்கு 5,250 டாலர் வரை முதலாளி தருவதற்கு வரி கிடையாது. அதை வாங்கினால் இத்தனை வருடம் இங்கேயே இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கையெழுத்து கேட்பார்கள். கிரீன் கார்டு உள்ளவர் அரசுக் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் குறைந்தது அரை நேரச் சேர்க்கையாவது இருக்க வேண்டும். செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம் எடுத்தால் அந்தத் தகுதி போய்விடலாம். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்கள் முழு நேரம்தான் படிக்க வேண்டும். இந்தப் பகுதி நேர வழி அவர்களுக்கு இல்லை.)

விண்ணப்பத்தில் எழுதும் சுயகட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா தோட்டத்தை அடமானம் வைத்துப் படிக்க வைத்தார், அம்மா கஷ்டப்பட்டார் என்று நம் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும், இரண்டு வரி போதும். நோயாளியின் நிலை மாறியதை நீங்கள் எப்போது, எதை வைத்துக் கவனித்தீர்கள், டாக்டரிடம் என்ன சொன்னீர்கள், உங்கள் அதிகாரம் எங்கே போதவில்லை என்று எழுதுங்கள். தேர்வுக் குழு பார்ப்பது அதைத்தான்.

விண்ணப்பம் ஒரு வருடம் கழித்து என்றாலும், காகித வேலையை விமானம் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். உங்கள் பட்டம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தினுடையது என்றால், டிரான்ஸ்கிரிப்ட்டுக்குக் கிண்டிக்குப் போய் வருவது இப்போது ஒரு ரயில் பயணம். டல்லாஸில் இருந்துகொண்டு தம்பியை அனுப்பி, கையெழுத்து சரியில்லை என்று அவன் திரும்பி வருவது வேறு கதை. நான்கு வருடப் பாடத்திட்டம், பாட வாரியாகத் தியரி மணி நேரமும் கிளினிக்கல் மணி நேரமும் அடங்கிய கல்லூரிக் கடிதம், தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலின் பதிவுச் சான்றுகள், ஐ.சி.யு. என்று தெளிவாகக் குறிப்பிட்ட எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எல்லாம் கூடுதல் பிரதிகளோடு கையில் இருக்கட்டும். மதிப்பெண்ணை நீங்களாக அமெரிக்காவின் 4.0 கணக்குக்கு (அங்கே முழு மதிப்பெண் 4.0) மாற்றி எழுதாதீர்கள். அதை மதிப்பீட்டு நிறுவனம் செய்யும். கல்லூரிகள் சாதாரணமாகக் கேட்பது அந்தக் கணக்கில் 3.0. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடத்தில் காலாவதி ஆகிவிடும். விசாவுக்கு எழுதியதே கல்லூரிக்கும் போதுமா என்று அந்தந்தக் கல்லூரியில் கேளுங்கள்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் என்று ஒருவரே மூன்று பேராக இருந்தால் அங்குள்ள அலுவலகங்களுக்குப் புரியாது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் லைசென்ஸ் எந்தப் பெயரில் வருகிறதோ அதையே கடைசி வரை பயன்படுத்துங்கள்.

இப்போது தங்கை. இந்திய நர்சிங் கவுன்சிலின் நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர் படிப்பு இரண்டு வருட முழு நேர ரெசிடென்சி. பகுதி நேரமோ தபால் வழியோ அதில் கிடையாது. அப்படி விளம்பரம் பார்த்தால் நம்ப வேண்டாம். ஆனால் பகுதி நேரம் வேண்டும் என்று அவர் கேட்பது சம்பளம் நிற்கக்கூடாது என்பதற்காகத்தானே? அதற்கு இதிலேயே வழி இருக்கிறது. பெரும்பகுதி நேரம் ஐ.சி.யு.வில் வேலை செய்தே கற்கும் படிப்பு இது. ஏற்கெனவே அந்த மருத்துவமனையில் பணியில் உள்ளவர்களுக்கு வழக்கமான சம்பளமும், வெளியிலிருந்து சேர்பவர்களுக்கு மருத்துவமனையின் ஊதிய முறைப்படி சம்பளமும் தர வேண்டும் என்று கவுன்சிலின் வழிகாட்டுதலே சொல்கிறது. தகுதி: பி.எஸ்சி. நர்சிங்கில் 55 சதவீதம், கவுன்சில் பதிவு, குறைந்தது ஒரு வருடக் கிளினிக்கல் அனுபவம், ஐ.சி.யு. அனுபவம் இருந்தால் நல்லது.

எந்தக் கல்லூரிக்கு இந்த வருடம் அனுமதி இருக்கிறது என்பதை இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்திலும் பல்கலைக்கழகப் பட்டியலிலும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சேரும் முன் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டிடம் கேட்க வேண்டியவை: படிக்கும் இரண்டு வருடமும் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, முடித்தபின் எத்தனை வருட பாண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பார்களா, நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரிலேயே பணியிடமும் தனிச் சம்பளமும் அங்கே இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், படித்து முடித்தபின்னும் அவர் அதே ஸ்டாஃப் நர்ஸ் சம்பளத்தில்தான் இருப்பார். அந்த நிலையில், ஆசிரியப் பணிக்கும் போக வழி தரும் வழக்கமான எம்.எஸ்சி. நர்சிங்கையும் ஒருமுறை யோசிக்கச் சொல்லுங்கள். அதுவும் முழு நேரம்தான், ஆனால் அதில் பொதுவாகச் சம்பளம் வராது.