ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை, ஒரு பூனை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயது. வீட்டுக்குள் போனில் எடுக்கிற படமெல்லாம் ஒன்று கலங்கிப்போகிறது, இல்லையென்றால் முகம் மஞ்சளடித்துத் தெரிகிறது. ஃபிளாஷ் போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

பதில்: கேமரா இருக்கட்டும், முதலில் உங்கள் வீட்டு ஜன்னல்களைப் பாருங்கள். ஒரு விடுமுறை நாளில் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் வீட்டைச் சுற்றி வந்தால், நேர் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் உள்ளே வருகிற இடம் எது என்று தெரிந்துவிடும். அங்கேதான் எடுக்க வேண்டும். வெயில் நேராக அடிக்கிற ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறது என்றால், மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள், வெளிச்சம் மெத்தென்று பரவும்.

கலங்குவதற்குக் காரணம் வெளிச்சம் போதாததுதான். போதாதபோது போன் ஒரு படத்துக்கு அதிக நேரம் வெளிச்சத்தை வாங்குகிறது, ஷட்டர் நேரம் என்பது இதைத்தான். 1/30 நொடி என்பது நமக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் அதற்குள் உங்கள் மகள் தலையைத் திருப்பிவிடுவாள். அறை முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் இருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றும், ஏனென்றால் கண் பழகிக்கொள்ளும். கேமராவுக்கு அப்படி இல்லை, ஜன்னலை விட்டு நாலடி உள்ளே வந்தாலே வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். அதனால் ஜன்னலுக்கு இரண்டு மூன்று அடிக்குள் அவளை விளையாட விடுங்கள், தரையில்தான், ஜன்னல் திண்டில் ஏற்றி உட்கார வைக்கவே வேண்டாம். நைட் மோடு தானாக வந்தால் அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது, துறுதுறுவென்று இருக்கும் குழந்தைக்கு ஒத்துவராது.

மஞ்சள் விஷயம் சுலபம். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு சுமார் 2700 கெல்வின், இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் வரும், அப்புறம் எந்த ஆப்பிலும் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

ஜன்னல் அவளுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். இருட்டாகத் தெரிகிற கன்னத்தின் பக்கம் நாற்காலி மேல் ஒரு வெள்ளைப் போர்வையைப் போட்டுவிட்டால் நிழல் கொஞ்சம் தெளியும். நீங்களும் தரையில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். “இங்கே பார், சிரி” என்று மட்டும் சொல்லாதீர்கள். என் தங்கை மகன் ஒருநாள் ஜன்னலடியில் உட்கார்ந்து தன் சட்டைப் பொத்தானைத் தானே போடப் பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கு நுனி உதட்டோரத்தில் துருத்திக்கொண்டு, இமை முடியின் நிழல் கன்னத்தில் விழ, பத்து நிமிடம் அதே ஒரு பொத்தான். நான் வாயே திறக்கவில்லை. அவனுடைய படங்களில் எனக்கு இன்றுவரை பிடித்தது அதுதான்.

இன்னொன்று, எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்டாலே படம் பனி மூடினாற்போல் ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் பூனை முழுக் கறுப்பு. படத்தில் இரண்டு கண் மட்டும்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கறுப்பு ரோமத்தில் வெளிச்சம் சாய்வாகப் பட்டால்தான் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அது படுத்திருக்கும்போது எடுத்துப் பாருங்கள், விலா ஓரத்தில் ஒரு பளபளப்பு ஓடும். பின்னால் வெள்ளைச் சுவரோ ஜன்னலோ இருந்தால் கேமரா அந்த வெளுப்புக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பூனை கரிக்கட்டையாகிவிடும். நேர்மாறாக, படம் முழுக்கக் கறுப்பே நிறைந்திருந்தால் கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், பூனை வெளிறிப்போகும். போன் திரையில் பூனையின் கண் தெரிகிற இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும், பிறகு பூனை வெளிறித் தெரிந்தால், பக்கத்தில் வரும் சூரியக் குறியை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குறியை, கொஞ்சம் கீழே இழுங்கள். வெள்ளை நாய் என்றால் மேலே.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பூனை, நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு, கண் பச்சையாக எரிவது அதனால்தான். காதை நிமிர்த்த வைக்க ஏதாவது புதுச் சத்தம் கொடுக்கலாம், ஆனால் ஒரே ஒருமுறை, மூன்றாவது தடவை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

கேள்வி: என்னிடம் கேமராவும் எஃப் 1.8 லென்ஸும் உண்டு. குழந்தையையும் நாயையும் சேர்த்து எடுத்தால் ஒன்றுதான் தெளிவாக வருகிறது.

பதில்: எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் ரொம்பக் குறைவு. எஃப் 4 வையுங்கள், ஷட்டர் 1/250 நொடி, நாய் ஓடினால் 1/500. ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு, 3200 வரை ஏறினாலும் பரவாயில்லை, புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தை ஆல்பத்தில் வைக்கலாம், கலங்கின படத்தை வைக்க முடியாது. இரண்டு முகமும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் வருகிற நேரத்துக்குக் காத்திருங்கள். நாயருகில் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், நீங்கள் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.