சூப்பர்விஷனில் சொல்லாமல் விட்டது

வணக்கம் மேடம்,

இரண்டு வருடமாகக் கவுன்சலராக இருக்கிறேன். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம் சூப்பர்விஷன்; அதாவது க்ளையன்டுகளோடு நான் செய்யும் வேலையை மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து அலசுவது. நோட்ஸைப் பார்த்து நான்கைந்து க்ளையன்டுகளைப் பற்றிச் சொல்வேன். "நல்லாத்தான் போகுது, இப்படியே தொடருங்க" என்பார் சூப்பர்வைசர். ஒரு க்ளையன்ட் மட்டும் வரும் நாளென்றாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவரைப் பற்றி எட்டு மாதமாக வாய் திறக்கவில்லை. என் மேலதிகாரியும் இந்த சூப்பர்வைசர்தான், வருடாந்திர மதிப்பீடு எழுதுவதும் இவர்தான். இந்த ஒரு மணி நேரத்தால் என்ன பயன்?

ர.

அன்புள்ள ர.,

எட்டு மாதம் பேசாமல் இருந்ததற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். உளவியலாளர் நிக்கலஸ் லடானியும் அவர் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பர்விஷன் பெற்றுவந்தவர்களில் 97 விழுக்காட்டினர் எதையாவது மறைத்ததாகச் சொன்னார்கள். சூப்பர்வைசர்மேல் இருந்த மனக்குறையைத்தான் பலரும் மறைத்தார்கள். சொந்த விஷயங்கள், க்ளையன்டிடம் செய்த தவறுகள், மதிப்பீடு பற்றிய பயம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. மதிப்பீடு எழுதுபவரிடம் போய் "எனக்கு இவரைச் சமாளிக்கத் தெரியவில்லை" என்று சொல்ல யாருக்குத்தான் நா எழும்?

அதனால் முடிந்தால் இரண்டு பொறுப்பையும் பிரித்துவிடுங்கள். விடுப்பு, வேலைப்பளு, மதிப்பீடு எல்லாம் மேலதிகாரியிடம் இருக்கட்டும். சூப்பர்விஷனுக்கு வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு பக்கத்தில் எழுத்து ஒப்பந்தமாவது போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பேசுவதில் எது மதிப்பீட்டுக்குப் போகும், எது போகாது, குறிப்பு யார் எழுதுவார், யார் பார்ப்பார், அவசரத்துக்கு எந்த எண்ணில் அழைப்பது, சூப்பர்வைசர் ஊரில் இல்லாதபோது யாரிடம் பேசுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். க்ளையன்டின் உயிருக்கு ஆபத்து, தொழில்நெறி மீறல் போன்றவற்றில் ரகசியம் செல்லாது என்பதையும் எழுதிவிடுங்கள். வாய்மொழியாக விட்டால் பின்னால் ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்திருப்பார்கள்.

இரண்டாவது கோளாறு நோட்ஸ். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான். அதில் செய்தி வாசிக்கலாம், ஒன்றையும் கூர்ந்து பார்க்க முடியாது. பிரிட்டனில் பி.ஏ.சி.பி. என்ற கவுன்சலர்கள் அமைப்பு, தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேர சூப்பர்விஷன் வேண்டும் என்கிறது. நேரம் மட்டும் கூடினால் போதாது. நோட்ஸில் இருப்பது, செஷன் முடிந்தபின் உங்கள் மனம் ஒழுங்குபடுத்திக்கொண்ட கதை. ஓர் உதாரணம் பாருங்கள். நோட்ஸில் "க்ளையன்ட் தந்தையைப் பற்றிப் பேச விரும்பவில்லை" என்று இருக்கும். ஒலிப்பதிவைப் போட்டால் க்ளையன்ட், "அப்பா இறந்தப்ப நான் போகவே இல்ல" என்கிறார். இரண்டு விநாடி மௌனம். உடனே கவுன்சலர், "சரி, இந்த வாரம் தூக்கம் எப்படி இருந்துச்சு?" என்கிறார். பேச விரும்பாதவர் யார் என்பது அந்த இரண்டு விநாடியில்தான் தெரிகிறது. சூப்பர்வைசர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நோட்ஸிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே ஒருவரைப் பற்றி மட்டும், ஐந்து நிமிட ஒலிப்பதிவோடு போங்கள். க்ளையன்டிடம் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்: எதற்காகப் பதிவு, யார் கேட்பார், எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும், எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம், மறுத்தால் சிகிச்சை பாதிக்காது. நன்றாக நடந்த பகுதியைத் தேர்ந்தெடுக்கத்தான் கை போகும்; நீங்கள் தடுமாறிய இடத்தை எடுங்கள். சூப்பர்விஷனில் பதிவு ஓடும்போது உங்களுக்குள்ளே ஏதோ அசைகிற இடத்தில் நீங்களே நிறுத்தி, "இங்கே என்ன சொல்ல நினைத்து விட்டேன்? உடம்பில் என்ன இருந்தது?" என்று பேச வேண்டும். உளவியலாளர் நார்மன் ககன் 1960-களில் வகுத்த முறை இது. நிறுத்துகிற பொத்தான் உங்கள் கையில் இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் அது விசாரணை ஆகிவிடும். க்ளையன்ட் பதிவுக்குச் சம்மதிக்கவில்லையா? செஷன் முடிந்த கையோடு, நினைவிருக்கும் வரை ஒரு பக்க உரையாடலை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் ஒரு பத்தி ஒதுக்கி, அந்தந்த வரியில் உங்களுக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதுங்கள்.

கேள்வியையும் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு போங்கள். "இவரை என்ன செய்வது?" என்று கேட்டால் அறிவுரைதான் கிடைக்கும். "இவர் அழ ஆரம்பித்தால் நான் ஏன் பேச்சை மாற்றுகிறேன்?" என்றால் வேலை தொடங்கும். விடை உங்கள் சொந்தத் துக்கத்தில் போய் முட்டினால், அது இந்த க்ளையன்டை எப்படித் தொடுகிறது என்பது வரைதான் சூப்பர்விஷன். மீதியை உங்கள் சொந்த தெரபிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். க்ளையன்டுக்கும் கவுன்சலருக்கும் இடையே நடப்பது சூப்பர்விஷன் அறையிலும் அப்படியே திரும்ப நடக்கக்கூடும் என்று மனநல மருத்துவர் ஹரோல்ட் சர்ல்ஸ் 1955-லேயே எழுதினார். "நல்லாத்தான் போகுது" என்று உங்களைக் கடந்துபோகிறார் உங்கள் சூப்பர்வைசர். அந்த க்ளையன்டை நீங்களும் அப்படிக் கடந்துபோகிறீர்களா என்று பாருங்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா க்ளையன்டுகளையும் ஆளுக்கு ஒரு வரியாக வாசித்துவிடுங்கள். பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும். ஒருமுறைகூடப் பேச்சில் வராதவர் யார் என்று அப்போது பளிச்சென்று தெரியும். தற்கொலை எண்ணம், குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் சூப்பர்விஷன் தேதிக்காகக் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே அழைக்க வேண்டும்.

அடுத்த சந்திப்பில் அந்த க்ளையன்டைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைக்காதீர்கள். உட்கார்ந்ததும் இப்படித் தொடங்கலாம்: "எட்டு மாதமாக ஒருவரைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லை. சொல்லத் தயங்கியதற்குக் காரணம், மதிப்பீடு எழுதுவதும் நீங்கள்தான் என்பது. இன்று இந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசலாமா?"